இரும்புக் கலோரிமானியின் காந்தம்

இரும்புக் கலோரிமானி என்பது தமிழ்நாட்டின் தேனி மாவட்டத்தில், கம்பம் பள்ளத்தாக்கின் மேற்கு எல்லையாக அமைந்த போடி மேற்கு மலைக்குள் நிறுவத் திட்டமிடப்பட்ட ஒரு துகள் உணரி ஆகும். இது இந்திய நியூட்ரினோ ஆய்வகம் என்ற திட்டத்தின் முதன்மைக் கருவி. ஏறத்தாழ 50,000 டன் இரும்புத் தகடுகளை அடுக்கி, அவற்றைச் செப்புக் கம்பிச்சுருள்களால் காந்தமாக்குவதே இதன் அமைப்பு. திட்டமிட்டபடி கட்டப்பட்டிருந்தால் எடையளவில் இது உலகின் மிகப்பெரிய மின்காந்தமாக இருந்திருக்கும். ஒப்பிட்டுப் பார்க்க, ஐரோப்பிய அணுக்கரு ஆய்வு மையமான செர்னில் உள்ள சி.எம்.எஸ். உணரியின் மொத்த எடை ஏறத்தாழ 14,000 டன்.

நியூட்ரினோ மின்னூட்டம் அற்றது; காந்தப்புலம் அதனை வளைப்பதில்லை. அப்படியிருக்க நியூட்ரினோவை ஆராய ஏன் இவ்வளவு பெரிய காந்தம் என்ற கேள்வி எழுவது இயல்பு. இதற்கான விடை பள்ளி இயற்பியலில் கற்பிக்கப்படும் காந்தவியல் அடிப்படைகளுக்குள்ளேயே இருக்கிறது. இக்கட்டுரை அந்த அடிப்படைகளை இக்கருவியின் வழியாக விளக்குகிறது.

அமைவிடமும் அளவுகளும்

தெரிவு செய்யப்பட்ட இடம் தேவாரம் அருகேயுள்ள பொட்டிப்புரம் ஊராட்சிப் பகுதி. மதுரையிலிருந்து மேற்கே ஏறத்தாழ 110 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. மலையடிவாரத்திலிருந்து ஏறத்தாழ 2 கிலோமீட்டர் நீளத்துக்குக் கிடைமட்டமாகச் சுரங்கப்பாதை வெட்டி, அதன் முடிவில் 132 மீட்டர் நீளமும் 26 மீட்டர் அகலமும் கொண்ட பெரிய குகை ஒன்றையும் வேறு சில சிறிய குகைகளையும் குடைவது திட்டம். குகைக்கு மேலும் பக்கங்களிலும் குறைந்தது 1 கிலோமீட்டர் தடிமனுக்குப் பாறை இருக்கும். இப்பாறை சார்னோக்கைட்டு என்ற உறுதிமிக்க வகை. வானிலிருந்து வரும் மியூவான்களை இப்பாறைப் போர்வை ஏறத்தாழ பத்து இலட்சத்தில் ஒன்றாகக் குறைத்துவிடும். நியூட்ரினோக்கள் மட்டும் தடையின்றி உள்ளே வரும்.

கலோரிமானி மூன்று கூறுகளைக் கொண்டது. ஒவ்வொரு கூறும் 16 மீட்டர் நீளம், 16 மீட்டர் அகலம், 14.5 மீட்டர் உயரம். 5.6 சென்டிமீட்டர் தடிப்புள்ள 151 இரும்பு அடுக்குகள் கிடைமட்டமாக ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கப்படும். அடுக்குகளுக்கு இடையே 4 சென்டிமீட்டர் இடைவெளி இருக்கும். மூன்று கூறுகளின் இரும்பையும் கூட்டினால் ஏறத்தாழ 6,500 கன மீட்டர் வரும். ஒரு கன மீட்டர் இரும்பு 7.85 டன் என்பதால் மொத்தம் 51,000 டன் எனக் கணக்கிடலாம்.

150 இடைவெளிகளிலும் தடைத்தகட்டு உணரிகள் செருகப்படும். இவை 2 மீட்டர் பக்கமுள்ள சதுரக் கண்ணாடிப் பெட்டிகள். 2 மில்லிமீட்டர் இடைவெளியுடன் இரு கண்ணாடித் தகடுகள், அவற்றிடையே ஒரு வளிமக் கலவை, தகடுகளுக்குக் குறுக்கே ஏறத்தாழ 10,000 வோல்ட் மின்னழுத்தம் ஆகியவையே இதன் உள்ளடக்கம். மின்னூட்டமுள்ள துகள் ஒன்று கடக்கும்போது சிறு மின்னிறக்கம் ஏற்பட்டு, துகள் எந்த இடத்தில் எந்த நேரத்தில் கடந்தது என்பது பதிவாகும். ஓர் அடுக்குக்கு 192 என்ற கணக்கில் மொத்தம் 28,800 பெட்டிகள் தேவை.

நகரும் மின்னூட்டமும் காந்த விசையும்

காந்தப்புலத்தின் இலக்கணம் விசையிலிருந்து தொடங்குகிறது. நிலையாக நிற்கும் மின்னூட்டத்தின்மீது காந்தப்புலம் எந்த விசையையும் செலுத்தாது. நகரும் மின்னூட்டத்தின்மீது மட்டுமே செலுத்தும். அவ்விசை துகளின் திசைவேகத்துக்கும் புலத்தின் திசைக்கும் ஒருங்கே செங்குத்தாக இருக்கும். செங்குத்தாக இருப்பதால் அது துகளின் வேகத்தைக் கூட்டுவதும் இல்லை, குறைப்பதும் இல்லை. பாதையை மட்டும் திருப்புகிறது. சீரான புலத்தில் துகள் வட்ட வில்லில் செல்வது இதனால்தான்.

வட்டத்தின் ஆரம் துகளின் உந்தத்துக்கு நேர்விகிதத்திலும், புலத்தின் வலிமைக்கும் மின்னூட்டத்துக்கும் எதிர்விகிதத்திலும் இருக்கும். துகள் இயற்பியலாளர்கள் மனக்கணக்குக்கு ஓர் எளிய விதியைப் பயன்படுத்துவர்: உந்தத்தைக் கிகா எலக்ட்ரான்வோல்ட் அலகிலும் புலத்தை டெசுலாவிலும் எடுத்துக்கொண்டு, உந்தத்தைப் புலத்தாலும் 0.3 என்ற எண்ணாலும் வகுத்தால் ஆரம் மீட்டரில் கிடைக்கும். கலோரிமானியின் வடிவமைப்புப் புலம் ஏறத்தாழ 1.3 டெசுலா. ஆகவே ஒரு கிகா எலக்ட்ரான்வோல்ட் உந்தமுள்ள மியூவான் 2.6 மீட்டர் ஆரத்தில் வளையும். ஐந்து கிகா எலக்ட்ரான்வோல்ட் உள்ளது 13 மீட்டர் ஆரத்தில் வளையும். உந்தம் கூடக் கூட வில் நேர்கோட்டை நெருங்கும். வளைவைக் காண்பது கடினமாகும்.

இரும்புக்குள் நகரும் மியூவான் வட்ட வில்லில் மட்டுமே செல்வதில்லை. ஒவ்வொரு தகட்டிலும் ஏறத்தாழ 64 மெகா எலக்ட்ரான்வோல்ட் ஆற்றலை இழப்பதால் வளைவு படிப்படியாக இறுகும். இரும்பு அணுக்கருக்களில் மோதிச் சிதறுவதால் பாதை சிறிது தள்ளாடவும் செய்யும். காந்தத்தின் வளைவு இந்தத் தள்ளாட்டத்தைவிடத் தெளிவாகத் தெரிய வேண்டும். புலம் 1 டெசுலாவுக்கு மேல் இருக்க வேண்டும் என வடிவமைப்பாளர்கள் வற்புறுத்தியதன் காரணம் இதுவே.

இனி முதற்கேள்விக்கு வரலாம். மியூவான் நியூட்ரினோ இரும்பு அணுக்கருவில் மோதினால் எதிர் மின்னூட்டமுள்ள மியூவான் பிறக்கும். மியூவான் எதிர்நியூட்ரினோ மோதினால் நேர் மின்னூட்டமுள்ள மியூவான் பிறக்கும். ஒரே காந்தப்புலத்தில் இவ்விரண்டும் எதிரெதிர்த் திசைகளில் வளையும். ஆகவே நியூட்ரினோவைக் காந்தம் தொடாவிட்டாலும், வந்தது நியூட்ரினோவா எதிர்நியூட்ரினோவா என்பதை அது விட்டுச்சென்ற மியூவானின் வளைவு காட்டிக்கொடுக்கும். காந்தம் இல்லாத உணரியில் இவ்விரு வகைத் தடங்களும் ஒன்றுபோலவே தோன்றும்.

இதில் மாணவர்கள் எளிதில் தவறவிடும் நுட்பம் ஒன்று உண்டு. மேலிருந்து கீழே செல்லும் எதிர் மியூவான் வரையும் வில்லும், கீழிருந்து மேலே செல்லும் நேர் மியூவான் வரையும் வில்லும் ஒன்றாகவே அமையலாம். மின்னூட்டத்தின் குறியை மாற்றித் திசைவேகத்தையும் எதிராக்கினால் விசை மாறுவதில்லை என்பதே காரணம். எனவே வளைவைப் பார்த்து மட்டும் குறியைச் சொல்லிவிட முடியாது. துகள் எத்திசையில் சென்றது என்பதும் தெரிய வேண்டும். ஒளி 30 சென்டிமீட்டர் கடக்க ஒரு நானோநொடி ஆகும். தடைத்தகட்டு உணரிகள் ஏறத்தாழ ஒரு நானோநொடித் துல்லியத்தில் நேரத்தைக் குறிப்பதால், பல அடுக்குகளைக் கடந்த தடத்தில் எந்த முனை முந்தியது என அறிய முடியும். இவ்வாறு, குறியை அறியக் காந்தம் மட்டும் போதாது, கடிகாரமும் தேவை.

இரும்பு ஏன்

மின்னோட்டம் காந்தப்புலத்தை உண்டாக்கும் என்பதை டென்மார்க்கைச் சேர்ந்த ஏர்ஸ்டெட் 1820ஆம் ஆண்டில் கண்டறிந்தார். மின்னோட்டம் செல்லும் கம்பிக்கு அருகில் இருந்த திசைகாட்டி ஊசி திரும்பியதே அந்தக் கண்டுபிடிப்பு. கம்பியைச் சுருளாகச் சுற்றினால் ஒவ்வொரு சுற்றின் புலமும் ஒன்று சேரும். ஆனால் வெற்றுச் சுருளால் 1.3 டெசுலா புலத்தை உண்டாக்க ஒரு மீட்டர் நீளத்துக்கு ஏறத்தாழ பத்து இலட்சம் ஆம்பியர்-சுற்று தேவை. 48 மீட்டர் நீளக் கருவி முழுவதற்கும் இவ்வாறு செய்வது நடைமுறைக்கு ஒவ்வாது. மென்னிரும்பு இருந்தால் மீட்டருக்குச் சில நூறு ஆம்பியர்-சுற்றே போதும். எஞ்சிய வேலையை இரும்பு தானே செய்துகொள்கிறது.

எல்லாப் பொருளும் காந்தப்புலத்துக்கு ஏதோ ஒரு வகையில் வினைபுரியும். செம்பு, நீர், பிஸ்மத் போன்றவை புலத்தை மிகச் சிறிதளவு எதிர்க்கும். இவை எதிர்க்காந்தப் பொருள்கள். அலுமினியம் போன்றவை மிகச் சிறிதளவு துணைநிற்கும். இவை இணைக்காந்தப் பொருள்கள். இவ்விரு விளைவுகளும் சமையலறைக் காந்தத்தைக் கொண்டு உணர முடியாத அளவு நுண்ணியவை. இரும்பு, கோபால்ட், நிக்கல் ஆகியவை பெர்ரோகாந்தப் பொருள்கள். இவற்றின் வினை மேற்கண்டவற்றைவிடப் பல்லாயிரம் மடங்கு பெரியது.

ஒவ்வோர் இரும்பு அணுவும் எலக்ட்ரான்களின் தற்சுழற்சியால் ஒரு சிறு காந்தமாகும். அண்டை அணுக்களின் தற்சுழற்சிகளை ஒரே திசையில் நிறுத்துவது குவாண்டம் இயற்பியலின் பரிமாற்ற வினை; காந்தங்களுக்கு இடையேயான சாதாரண ஈர்ப்பு இதற்குப் போதாது. இவ்வாறு அணுக்கள் ஒருமித்து நிற்கும் நுண்பகுதிகள் காந்தப் புரங்கள் எனப்படும். காந்தமாக்கப்படாத இரும்பில் புரங்கள் வெவ்வேறு திசைகளை நோக்கி இருப்பதால் வெளியே புலம் தெரியாது. சுருளின் சிறு புலம் பட்டவுடன், அத்திசையில் இருக்கும் புரங்கள் பிறவற்றை விழுங்கி வளரும். 1.3 டெசுலாவில் இரும்பின் உட்புலம் பெரும்பாலும் இப்புரங்களிலிருந்தே வருகிறது. சுருள் செய்வது அவற்றை ஒழுங்குபடுத்துவது மட்டுமே.

புரங்கள் எல்லாம் ஒரே திசைக்கு வந்தபின் மின்னோட்டத்தை எவ்வளவு கூட்டினாலும் பெரும் பயன் இல்லை. இதற்குக் காந்தத் தெவிட்டல் என்று பெயர். தூய இரும்பு ஏறத்தாழ 2.15 டெசுலாவில் தெவிட்டும். கலோரிமானி 1.3 டெசுலாவை இலக்காக வைத்ததன் பின்னணி இதுதான்: அதற்குச் சற்று மேலே இரும்பின் வளைகோடு படுத்துவிடும், ஒவ்வொரு கூடுதல் புள்ளிக்கும் மின்சாரச் செலவு விரைந்து ஏறும். இரும்பின் கரிம அளவு குறைவாக இருக்க வேண்டும் என்பதும் இதனோடு சேர்ந்த நிபந்தனை. கரிமம் மிகுந்த எஃகில் புரங்களின் எல்லைச் சுவர்கள் எளிதில் நகராமல் சிக்கிக்கொள்ளும். நிலைக்காந்தம் செய்ய அது நல்லது, மின்காந்தத்துக்கு ஆகாது.

770 பாகை செல்சியசுக்கு மேல் சூடாக்கினால் இரும்பு பெர்ரோகாந்தத் தன்மையை இழக்கும். இது கியூரி வெப்பநிலை எனப்படும். கொல்லன் உலையில் நன்கு செம்மஞ்சளாகக் காய்ந்த இரும்பைக் காந்தம் இழுக்காது என்பது இதன் நேரடி விளைவு.

காந்தச் சுற்று

காந்தப்புலக் கோடுகளுக்குத் தொடக்கமும் இல்லை, முடிவும் இல்லை. காந்தத்தை வெட்டினால் வட முனை ஒரு துண்டாகவும் தென் முனை ஒரு துண்டாகவும் பிரியாமல் இரு முழுக் காந்தங்கள் கிடைப்பது இதனால்தான். தனி முனை இதுவரை எவராலும் காணப்படவில்லை. ஆகவே எந்த மின்காந்தத்திலும் புலக் கோடுகள் எங்கேனும் சுற்றி வந்து மூட வேண்டும். அவை காற்றின் வழியே மூடினால் பெரும் இழப்பு. இரும்பின் வழியே மூடினால் இழப்பு மிகக் குறைவு.

கலோரிமானியின் வடிவமைப்பு இக்கருத்தின்மேல் நிற்கிறது. செப்புச் சுருள்கள் தகடுகளில் விடப்பட்ட நீள் துளைகளின் வழியாகச் செங்குத்தாக ஏறி இறங்கும். அவற்றைச் சுற்றிப் புலக் கோடுகள் ஒவ்வொரு தகட்டின் தளத்துக்குள்ளேயே கிடைமட்டமாக ஓடி, சுருளின் மறுபுறம் வழியே திரும்பி வந்து மூடும். ஒரு தகட்டிலிருந்து அடுத்த தகட்டுக்கு அவை தாவ வேண்டியதில்லை. இதனால் அடுக்குகளுக்கு இடையேயுள்ள 4 சென்டிமீட்டர் இடைவெளி புலத்தைக் குறைப்பதில்லை. புலம் கிடைமட்டமாக இருப்பதால், மேலிருந்தோ கீழிருந்தோ வரும் மியூவான்கள் அதனைக் குறுக்காக வெட்டிச் செல்லும். அவைதான் நன்கு வளைய வேண்டியவை.

ஆனால் 16 மீட்டர் அகலத் தகட்டை ஒரே துண்டாக வார்த்து மலைக்குள் கொண்டுசெல்ல முடியாது. 4 மீட்டர் நீளமும் 2 மீட்டர் அகலமும் கொண்ட பலகைகளை அருகருகே வைத்தே ஓர் அடுக்கை நிரப்ப வேண்டும். பலகைகளுக்கு இடையேயுள்ள விளிம்பு இடைவெளியைப் புலக் கோடுகள் கடந்தாக வேண்டும். இங்கே ஒரு மில்லிமீட்டரும் பெரிது. 1.3 டெசுலாவில் ஒரு மில்லிமீட்டர் காற்றைக் கடக்க ஆயிரத்துக்குச் சற்று மேற்பட்ட ஆம்பியர்-சுற்று தேவை. இரும்புக்கு மீட்டருக்கு 500 ஆம்பியர்-சுற்று என்று கொண்டால், அந்த ஒரு மில்லிமீட்டர் காற்று இரண்டு மீட்டர் இரும்புக்குச் சமம். பலகைகளின் விளிம்புகளை நேராக அறுப்பதும் நெருக்கிப் பொருத்துவதும் தச்சுவேலையின் நேர்த்தி போலத் தோன்றினாலும் உண்மையில் காந்தவியல் சிக்கல்களே.

கோடுகள் இரும்புக்குள்ளேயே மூடுவதால் கருவிக்கு வெளியே கசியும் புலம் சிறிது. சில மீட்டர் தொலைவிலேயே அது வலுவிழக்கும். ஒரு கிலோமீட்டர் பாறைக்கு அப்பால் அதனை அளக்கவே இயலாது. காந்தத்தால் மலையடிவார ஊர்களுக்குத் தீங்கு நேரும் என்று அவ்வப்போது எழுந்த அச்சத்துக்கு இயற்பியலில் அடிப்படை இல்லை. திட்டத்துக்கு எதிரான வலுவான வாதங்கள் வேறு. அவை கீழே தரப்பட்டுள்ளன.

புவிக்காந்தத்தோடு ஓர் ஒப்பீடு

தேனி மாவட்டம் காந்த நடுக்கோட்டுக்கு அருகில் உள்ளது. புவியின் காந்தப்புலம் இங்கே ஏறத்தாழ கிடைமட்டமாக வடக்கு நோக்கி இருக்கும். தரையோடு அது அமைக்கும் சாய்வுக் கோணம் சில பாகைகளே. வலிமை ஏறத்தாழ 40 மைக்ரோடெசுலா. கலோரிமானியின் புலம் இதைப்போல் ஏறத்தாழ 32,000 மடங்கு. தடையின்றித் தொங்கவிட்ட காந்த ஊசி ஐரோப்பாவில் தலைகீழாகச் சாய்வதும் கம்பத்தில் கிட்டத்தட்ட மட்டமாக நிற்பதும் இந்த அமைவிடத்தால்தான்.

பள்ளத்தாக்கின் வடகிழக்கே பழனி மலைமேல் உள்ள கொடைக்கானல் வானாய்வகம் 1899இல் நிறுவப்பட்டது. அங்கு 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புவிக்காந்த அளவீடுகளும் மேற்கொள்ளப்பட்டன. சூரியப் புள்ளிகளிலிருந்து வளிமம் வெளிநோக்கிப் பாய்வதை எவர்ஷெட் 1909இல் கண்டறிந்ததும் அங்கேதான். அதற்கு முந்தைய ஆண்டு அமெரிக்காவில் ஹேல் சூரியப் புள்ளிகளில் வலிய காந்தப்புலம் இருப்பதை நிறுவியிருந்தார். அப்புலம் ஏறத்தாழ 0.3 டெசுலா, அதாவது கலோரிமானியின் புலத்தைவிடக் குறைவு.

மதுரையில் சிறு மாதிரி

மதுரையில் அமைந்த உயராற்றல் இயற்பியல் மையத்தில் 85 டன் எடையுள்ள மாதிரிக் கருவி ஒன்று கட்டப்பட்டு 2018இல் இயங்கத் தொடங்கியது. 4 மீட்டர் பக்கமுள்ள 11 இரும்பு அடுக்குகளும், இடையே 10 உணரி அடுக்குகளும் கொண்டது. இரு செப்புச் சுருள்களில் 900 ஆம்பியர் மின்னோட்டம் செலுத்தி ஏறத்தாழ 1.4 டெசுலா புலம் எட்டப்பட்டது. இவ்வளவு மின்னோட்டத்தில் செம்பு சூடாகும் என்பதால் கடத்தியின் நடுவே துளையிட்டு அதன் வழியே நீர் ஓடவிடப்படுகிறது.

திண்ம இரும்புக்குள் இருக்கும் புலத்தை எப்படி அளப்பது? உள்ளே கருவியைச் செருக இடமில்லை. இதற்குப் பாரடேயின் தூண்டல் விதி உதவுகிறது. இரும்பைச் சுற்றி மெல்லிய கம்பியால் ஓர் உணர்சுருள் சுற்றப்படும். சுருளின் மின்னோட்டம் ஏறும்போதும் இறங்கும்போதும் இரும்பிலுள்ள காந்தப் பாயம் மாறும். அம்மாற்றத்தின் வேகத்துக்கு ஏற்ப உணர்சுருளில் மின்னழுத்தம் தோன்றும். அதனை நேரத்தோடு கூட்டிக்கொண்டே வந்தால் மொத்தப் பாய மாற்றம் கிடைக்கும். மின்னோட்டம் மாறாமல் நிற்கும்போது உணர்சுருள் எதையும் காட்டாது. அப்போதைய புலத்தைப் பலகை இடைவெளிகளில் செருகிய ஹால் உணரிகள் காட்டும். பலகைகளின் விளிம்பில் புலம் ஓர் இரும்பிலிருந்து மற்றோர் இரும்புக்குச் செங்குத்தாகக் கடப்பதால், இடைவெளியில் அளந்த மதிப்பு இரும்பின் உள்ளே இருப்பதற்கு மிக நெருக்கமாக இருக்கும்.

இதே தூண்டல் விதிதான் பள்ளத்தாக்கின் தென்முனையில் லோயர் கேம்ப் பெரியாறு புனல்மின் நிலையத்தின் நான்கு எந்திரங்களையும் இயக்குகிறது. முல்லைப் பெரியாற்று அணையின் நீர் மலையைக் குடைந்து வந்து, குழாய் வழி இறங்கிச் சுழலிகளைத் திருப்ப, சுழலும் காந்தங்கள் நிலைச்சுருள்களில் மின்சாரத்தைத் தூண்டுகின்றன. மலையைக் குடைவது இப்பள்ளத்தாக்குக்குப் புதிதல்ல என்று திட்டத்தின் ஆதரவாளர்கள் சுட்டுவதுண்டு. 1895இல் திறக்கப்பட்ட அந்த அணையும் அதன் சுரங்கமுமே கம்பம் பள்ளத்தாக்கின் இரு போக நெல்லுக்கு ஆதாரம் என்பதால், அவற்றுக்கு வெடிப்பணிகளால் ஊறு நேருமோ என்ற அச்சம் உழவர்களிடையே கூர்மையாக இருந்ததும் அதே காரணத்தால்தான்.

எதைக் கண்டறிய

நியூட்ரினோக்களுக்கு நிறை உண்டு என்பதை சூப்பர் காமியோகாண்டே, சட்பரி ஆய்வகங்கள் நிறுவின. இதற்காக கஜிதா, மெக்டொனால்டு ஆகியோருக்கு 2015ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. ஆனால் மூன்று நிறைகளில் எது கனத்தது, எது இலேசானது என்ற வரிசை முழுதும் தெரியவில்லை. புவியின் வழியே ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பயணம் செய்யும்போது, பொருளில் உள்ள எலக்ட்ரான்களின் காரணமாக நியூட்ரினோவும் எதிர்நியூட்ரினோவும் வெவ்வேறு விதமாக வகை மாறும். வரிசை ஒருவிதமாக இருந்தால் நியூட்ரினோக்களில் மாற்றம் மிகும். மறுவிதமாக இருந்தால் எதிர்நியூட்ரினோக்களில் மிகும். இரண்டையும் தனித்தனியே எண்ணக்கூடிய உணரி இதனை நேரடியாகக் காணும். காந்தமாக்கிய இரும்பைத் தெரிவு செய்ததன் முழுக் காரணமும் இந்த ஒரு வாக்கியத்தில் அடங்கும்.

இதே முறையில் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் சூடான் சுரங்கத்தில் அமைந்த மினோசு உணரி 5,400 டன் எடையுடன் 2003 முதல் 2016 வரை இயங்கியது. தகடுகளின் நடுத்துளை வழியே சென்ற சுருள் ஏறத்தாழ 15,000 ஆம்பியர்-சுற்றால் 1.3 டெசுலாவை நெருங்கிய புலத்தை அளித்தது. எனவே கலோரிமானியின் கொள்கை சோதித்துப் பார்க்கப்பட்டதே. புதுமை அதன் பரிமாணத்தில் இருந்தது.

இந்தியாவுக்கும் இத்துறை புதிதன்று. வளிமண்டல நியூட்ரினோக்களை 1965இல் முதன்முதலில் கண்ட ஆய்வுகளுள் ஒன்று கோலார் தங்க வயலின் ஆழ்சுரங்கத்தில், டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனமும் ஒசாகா, டர்காம் பல்கலைக்கழகங்களும் இணைந்து நடத்தியதாகும். அச்சுரங்கங்களில் உழைத்தவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள்.

ஒப்புதல்களும் எதிர்ப்பும்

முதலில் தெரிவு செய்யப்பட்ட இடம் நீலகிரி மாவட்டத்தின் சிங்காரா. முதுமலைப் புலிகள் காப்பகத்தை ஒட்டியிருந்ததால் 2009இல் நடுவண் சுற்றுச்சூழல் அமைச்சகம் அதனை மறுத்தது. பின்னர் தேனி மாவட்டத்துச் சுருளியாறு பகுதி பேசப்பட்டு, காடு அடர்ந்தது என்பதால் கைவிடப்பட்டது. பொட்டிப்புரத்துக்கு 2011இல் சுற்றுச்சூழல் ஒப்புதல் கிடைத்தது. 2015 சனவரியில் ஏறத்தாழ 1,500 கோடி ரூபாய்த் திட்டமாக நடுவண் அமைச்சரவை இசைந்தது. அதே ஆண்டு மார்ச்சில் வைகோ தொடுத்த வழக்கில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை, மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு பெறும்வரை பணிகளுக்குத் தடை விதித்தது.

பூவுலகின் நண்பர்கள் அமைப்பைச் சேர்ந்தவர்கள் தொடர்ந்த வழக்கில் 2017 மார்ச்சில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் ஒப்புதலை நிறுத்தி வைத்தது. கேரளத்தின் மதிகெட்டான் சோலைத் தேசியப் பூங்கா 5 கிலோமீட்டருக்குள் இருப்பதால், திட்டம் கடுமையான மதிப்பீட்டுப் பிரிவில் ஆராயப்பட்டிருக்க வேண்டும் என்பது முதன்மைக் காரணம். 2018இல் அமைச்சகம் சிறப்பு நேர்வாகக் கருதி மீண்டும் ஒப்புதல் அளித்தது. அவ்வாண்டு நவம்பரில் தீர்ப்பாயம் அதனை ஏற்றபோதும், தேசிய வனவிலங்கு வாரியத்தின் அனுமதி தேவை என்றது. 2022 பெப்ரவரியில் தமிழ்நாடு அரசு உச்ச நீதிமன்றத்தில் தாக்கல் செய்த உறுதிமொழிப் பத்திரத்தில், மதிகெட்டானையும் பெரியாற்றையும் இணைக்கும் புலிகளின் வழித்தடத்தில் இவ்விடம் அமைந்திருப்பதைச் சுட்டி, திட்டத்தை அனுமதிக்க இயலாது எனத் தெரிவித்தது.

எதிர்ப்பில் சொல்லப்பட்ட அனைத்தும் ஒரே தரத்தவை அல்ல. நியூட்ரினோக்கள் ஊரை அழிக்கும் என்பது பிழை. சூரியனிலிருந்து மட்டும் நொடிக்கு ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 6,500 கோடி நியூட்ரினோக்கள் எல்லா ஊர்களையும் ஏற்கெனவே கடந்து செல்கின்றன. வெளிநாட்டு முடுக்கியிலிருந்து நியூட்ரினோக் கற்றை அனுப்பப்படும் என்ற ஐயம் முற்றிலும் கற்பனை அல்ல; திட்டத்தின் தொடக்ககால ஆவணங்களில் அது தொலைநோக்கு வாய்ப்பாகக் குறிப்பிடப்பட்டிருந்தது. பாறை வெடிப்பு, கழிவுக்கற்களைக் குவித்தல், நீர்த் தேவை, மேய்ச்சல் நிலம், வன விலங்குகளின் நடமாட்டம் ஆகியவை பற்றிய கேள்விகள் கருவியின் இயற்பியலைச் சார்ந்தவை அல்ல. காந்தத்தின் வரைபடங்களைக் கொண்டு அவற்றுக்கு விடை கூற முடியாது. அறிவியலாளர்கள் பொதுக்கூட்டங்களில் நியூட்ரினோவின் தீங்கின்மையை விளக்கியபோது, ஊர்மக்கள் கேட்டது பெரும்பாலும் மலையைப் பற்றியும் நீரைப் பற்றியும் என்பது இவ்விவாதம் நெடுக மீண்டும் மீண்டும் காணப்பட்ட பொருந்தாமை.

சுரங்கம் வெட்டப்படவில்லை. சீனாவின் ஜூனோ உணரி 2025 ஆகஸ்டில் தரவு சேகரிக்கத் தொடங்கியது. அதுவும் நிறை வரிசையையே தேடுகிறது. ஆனால் அதன் வழி வேறு. அணுமின் உலைகளிலிருந்து வரும் எதிர்நியூட்ரினோக்களின் ஆற்றல் நிறமாலையை 20,000 டன் திரவ ஒளிர்மியில் அளக்கும் அக்கருவிக்கு மின்னூட்டக் குறியை அறிய வேண்டிய தேவை இல்லை. ஆகவே இரும்புக் காந்தமும் இல்லை.